மகள் பங்கு பிறந்த தேதி

பூர்வீக நிலத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்த குடும்பங்களிடம் பல ஆண்டுகள் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. “பொண்ணுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு? எண்பத்தொம்பது மார்ச்சுக்கு முன்னாடியா, பின்னாடியா?” பழையசீவரத்தின் பாலாற்றங்கரை நிலமானாலும் தஞ்சாவூர் நன்செய் ஆனாலும் கேள்வி அதுதான். பட்டாவும் வில்லங்கமும் அதற்கு அப்புறம்.

அந்தத் தேதி 25.3.1989. அதே நாளில் சட்டமன்றத்தில் பட்ஜெட் வாசிக்கும்போது நடந்த அமளியைத்தான் தமிழ்நாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. மகளுக்கு நிலத்தில் பிறப்புரிமை தொடங்கிய நாளும் அதுவே என்பது பலருக்குத் தெரியாது.

கதையின் வேர் பழையசீவரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், பழையசீவரம் வழியாகப் போகும் சாலை செங்கல்பட்டை அடைகிறது. அங்கே 1929 பிப்ரவரியில், டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டங்களைத் துறப்பது என்ற தீர்மானத்தோடு, சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. நிலம் இல்லாதவரை இந்தப் பக்கத்தில் ஆளாக மதித்ததில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள்: ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலையில் பெயர் எழுதப்படவே வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்க வேண்டும்.

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. இடையில் 1956இல் மத்திய அரசின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகளுக்குப் பங்கு உண்டு என்றது, ஆனால் எதில் பங்கு என்பதில்தான் சூட்சுமம். தாய் இல்லாத குடும்பம், ஒரு மகன், ஒரு மகள், பூர்வீக நிலம் நான்கு ஏக்கர் என்று வையுங்கள். மகன் பிறந்தபோதே தகப்பனோடு பங்காளி. ஆகவே இரண்டு ஏக்கர் ஏற்கெனவே அவனுடையது. தகப்பன் இறந்தால் அவருடைய இரண்டு ஏக்கரில் மட்டும் இருவருக்கும் சமபங்கு. முடிவில் மகனுக்கு மூன்று, மகளுக்கு ஒன்று.

இந்தக் கணக்கை உடைக்க மாநிலங்கள்தான் முதலில் துணிந்தன. கேரளம் 1975 சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரம் எண்பதுகளின் நடுவில் மகளையும் பங்காளியாக்கியது. வரதட்சணையை ஒழிப்பதும் ஒரு நோக்கம் என்று அந்தச் சட்டத்தின் முகவுரை சொன்னது. 1989 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசு அதே பாதையில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 29-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. வாரிசுரிமை பொதுப்பட்டியலில் இருப்பதால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. தமிழ்நாட்டின் 1990ஆம் ஆண்டு முதல் சட்டமாக அது வெளிவந்தது. ஆனால் செல்லுபடி 25.3.1989 முதலே. அதன்படி மகளும் பிறப்பால் பங்காளி. முன்சொன்ன நான்கு ஏக்கரில் மகனுக்கு இரண்டு, மகளுக்கும் இரண்டு.

அதற்குள் ஒரு முள். அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்கு இது பொருந்தாது. ஒரே வீட்டில் 1987இல் கல்யாணமான அக்காவுக்கு இல்லாத உரிமை, 1991இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. சீரும் நகையும் வாங்கிக்கொண்டு போனவள்தானே என்பது ஊர் சொல்லும் சமாதானம். தங்கை மட்டும் என்ன வெறுங்கையோடா போனாள்? நல்ல சட்டத்தில் இது கோணலான பிரிவு என்பதே என் எண்ணம்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அந்தக் கோணலை நிமிர்த்தியது. மணமான தேதி ஒரு பொருட்டில்லாமல் போனது. திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போய், வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகிவிட்ட பாகப்பிரிவினைகளைப் புதுத் திருத்தம் தொடவில்லை. எத்தனையோ அக்காக்கள் அங்கேயே நின்றுபோனார்கள்.

உரிமை உள்ள தங்கைகளையும் பல வீடுகளில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போவது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத்தான். “அண்ணன் வீட்டு வாசல் வேணுமா, நிலம் வேணுமா” என்று யாராவது ஒரு பெரியவர் கேட்டால் போதும். குடும்பத்துக்குள் நிலம் கைமாறுவதற்கு மாநிலம் கட்டணச் சலுகையும் தருகிறது. கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் என்றால் இரண்டும் ஒவ்வொரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் உச்சவரம்பு 40,000 ரூபாய், 10,000 ரூபாய். தகப்பன் மகளுக்கு எழுதிவைக்கும் செட்டில்மென்ட்டுக்கும், தங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுக்கும் விடுதலைக்கும் சலுகை ஒன்றே.