களிமண்ணில் பதியாத உருவம்: கடுகண்ணாவை வழியும் பெண்களின் சிறுவணிகமும்

தென்கிழக்காசியச் சந்தை பெண்களுடையது. தென்னாசியச் சந்தை ஆண்களுடையது. 1970இல் வெளிவந்த ‘பொருளாதார அபிவிருத்தியில் பெண்ணின் பங்கு’ நூலில் பொருளியலாளர் எஸ்தர் போஸரப் கிழித்த கோடு இது. அவர் காட்டிய கணக்கில், தாய்லாந்தில் வணிகத்தில் இருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். இந்தியாவுக்கு வந்தால் அந்தப் பங்கு சொற்பம். இலங்கையை அவர் இந்தியாவின் பக்கமே வைத்தார். இன்று மலைநாட்டுக் கிராமங்களில் உல்லாசப் பயணிகளுக்கு அறை விட்டும் சோறு போட்டும் தொழில் நடத்தும் பெண்களைப் பற்றி எழுதுவோர் பலரும், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முன்னே ஒன்றுமில்லை, திட்டம் வந்தது, பெண் வெளியே வந்தாள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியிலுள்ள கடுகண்ணாவைக் கணவாயை வைத்துப் பார்த்தால் இது சரிவராது என்பது என் எண்ணம்.

போஸரப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. பெண்ணின் உழைப்பைப் புள்ளிவிபரம் விழுங்கிவிடுகிறது என்று உரத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். ஆனால் சந்தையைப் பற்றி எழுதும்போது குடிசன மதிப்பீட்டின் தொழிற்பட்டியலைத்தான் அவரும் கையில் எடுத்தார். அந்தப் பட்டியலுக்கு ஒருவருக்கு ஒரு தொழில் வேண்டும். விடியற்காலையில் கித்துள் பாணி காய்ச்சி, பகலில் அதைத் தெருவோரம் விற்று, வெயில் தாழ வயலில் இறங்குகிறவள் என்ன பதில் சொல்வாள்? கித்துளில் மரம் ஏறுவது ஆண். இறக்கியதைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் ஆக்குவது பெரும்பாலும் பெண். பட்டியலில் ஏறுவது மரம் ஏறியவன்தான். கடையும் அவன் பெயரில் இருந்துவிட்டால் அவள் குடும்பத்துக்கு உதவி செய்பவள், அவ்வளவுதான்.

எண்ணைவிட அவர் தரும் காரணமே என்னை உறுத்துகிறது. பெண்ணை வீட்டோடு வைக்கும் இந்து, முஸ்லிம் வழக்கங்களோடு அவர் ஆண்களின் சந்தையைச் சேர்த்துப் பார்க்கிறார். கண்டி நாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? கண்டிச் சட்டத்தின் ‘பின்ன’ மணத்தில் கணவன்தான் மனைவி வீட்டுக்குக் குடிபோகிறான். அவளுடைய தந்தைவழிச் சொத்துரிமை அவளிடமே இருக்கிறது. ‘தீக’ மணத்தில் புறப்பட்டுப் போனவள்தான் அதை இழப்பாள். இந்த ஒரு வேறுபாடே போஸரப்பின் வரைபடத்தைக் குழப்பப் போதும்.

இனி நான் நின்று பார்க்க விரும்பும் சான்றுக்கு வருகிறேன். ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி அரசனின் கைதியாக இருந்தவர். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் 1681இல் இலண்டனில் அச்சானது. அவர் காணி வாங்கி வீடு கட்டிய எலதத்த, கடுகண்ணாவைப் பக்கத்து உடுநுவரையில் இருக்கிறது. மணமாகாத ஆண்கள் மட்டுமே அந்த வீட்டில் குடியிருக்கலாம் என்று அவரும் தோழர்களும் பேசி வைத்திருந்தார்கள். பெண்களைப் பற்றி நமக்குக் கிடைத்த சாட்சி இப்படிப்பட்டவர்! ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. தொப்பி பின்னி விற்றவர், பிறகு சில்லறைச் சாமான் மூட்டையோடு ஊர் ஊராகப் போனவர். காவல் கடவைகளை அவர் வியாபாரியாகவே கடந்திருக்கிறார். கடவையில் என்ன கேட்பார்கள், எதைத் தட்டிப் பார்ப்பார்கள் என்பதில் அவர் சொல்லை நம்பலாம்.

அந்தக் கடவைகளில் முட்கதவுகள் இருந்தன. மலைநாட்டிலிருந்து கீழே இறங்குவோர் அனுமதி காட்ட வேண்டும். அனுமதி ஓலையில் அல்ல, களிமண்ணில் பதித்த முத்திரையில். நொக்ஸ் மூன்று உருவங்களை விவரிக்கிறார். போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனிதன். சுமை தூக்குபவனுக்குக் காவடித்தடியின் இரு முனையிலும் பை தொங்க நிற்கும் மனிதன். வெள்ளையனுக்கு இடுப்பில் வாளும் தலையில் தொப்பியுமாக ஒருவன். கூட்டத்தில் எத்தனை ஆண்களோ அத்தனை பதிவுகள் களிமண்ணில் இருக்க வேண்டும்.

பெண்ணுக்கு உருவம் இல்லை. இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். பெண்கள் அந்த வழியே போகவில்லை என்பது ஒன்று. போஸரப் இதைத்தான் எடுத்திருப்பார். போனார்கள், ஆனால் எண்ணப்படவில்லை என்பது மற்றது. இரண்டாவதின் பக்கம் என்னைத் தள்ளுவது அதே நூலில் வேறோர் இடம். பெண் கைக்கு வந்த நிலத்துக்கு அரசனுக்குக் கடமை இல்லை என்று சொல்லும் நொக்ஸ், கடல்துறைகளில் ஆண்கள் கொண்டுபோகும் சரக்குக்கு ஆயம் (சுங்கம்) உண்டு, பெண்கள் கொண்டுபோவதற்கு இல்லை என்றும் எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை: பசுவின் மீதோ பெண் எருமையின் மீதோ ஏற்றிய சரக்குக்கும் ஆயம் இல்லையாம்.

பசுவும் எருமையும் இங்கே எதற்கு? சலுகை சரக்கின் உடைமையாளரைப் பார்க்கவில்லை, சுமக்கும் உடலைப் பார்க்கிறது. ஆணுடைய பாக்கானாலும் பெண்ணின் தலையில் ஏறினால் ஆயம் போய்விடுகிறது. இப்படியொரு விதி இருக்கும் நாட்டில் எந்தக் குடும்பமும் தன் மூட்டையை யார் தலையில் ஏற்றும் என்று யோசிக்க அதிக நேரம் தேவையில்லை. யாரும் பயன்படுத்தாத சலுகையை, அதுவும் மாடு ஆணா பெண்ணா என்பதுவரை பிரித்து, ஒரு நாடோடி வியாபாரி நினைவில் வைத்திருக்கவும் மாட்டார். பெருவணிகம் தவளத்தில், அதாவது பொதிமாடுகளில், பெரிதும் முஸ்லிம் வணிகர் கையில் போயிற்று. மடிகே என்ற அரச போக்குவரத்துப் பிரிவில் அவர்களின் பங்கை வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா விரிவாக எழுதியிருக்கிறார். பெண்களுடையது அதன் ஓரத்தில் நடந்த தலைச்சுமை வணிகமாக இருந்திருக்கும்.

இந்த வாதத்தின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நொக்ஸ் பேசுவது துறைகளை. பலன போன்ற மலைக் கடவைகளில் இதே சலுகை நடந்ததாக அவர் எழுதவில்லை. முட்கதவையும் ஆயத்தையும் ஒரே இடத்தில் வைப்பது நான். பெண்கள் துறைக்கு இறங்க வேண்டுமானால் ஏதோ ஒரு கடவையைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பதே என் பிடிமானம். சலுகை எப்போது வழக்கொழிந்தது என்பதற்கும் ஆண்டு தர என்னால் இயலாது. கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன 1815க்கு முன்பா பின்பா என்பதுகூட உறுதியில்லை.

அடுத்த கட்டம் தெரிந்த கதை. ஆங்கிலேய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820இல் தொடக்கிய கொழும்பு–கண்டி வீதி, பொறியியலாளர் டோசன் போட்ட பாதை, கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்த துளை, 1867இல் கண்டிக்கு வந்த ரயில். 1829இல் இறந்த டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரத்தின் கல்வெட்டு அவருடைய அறிவையும் திறனையும் பாடுகிறது. கல் சுமந்தவர் எவரும் அதில் இல்லை. களிமண்ணில் சுமைகாரனுக்காவது ஓர் உருவம் இருந்தது. வீதியோடு ஆயக் குத்தகையும் சாராயக் குத்தகையும் வந்தன. ஆய்வாளர் குமாரி ஜயவர்த்தன காட்டியபடி உள்ளூர் முதலாளி வர்க்கம் எழுந்தது இந்தக் குத்தகைகளில். சுமைக்காரியின் பழைய சலுகைக்கு அங்கே இடமில்லை. அவள் நடப்பதை விட்டு வழியோரம் உட்கார்ந்தாள் என்பது என் ஊகம். வழிப்போக்கருக்குப் புண்ணியமாகத் தண்ணீர்ப்பானை வைத்த அம்பலம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. தண்ணீர் தானம், பக்கத்தில் பழமும் வெற்றிலையும் காசுக்கு.

இன்று அதே வீதியில் கொழும்பிலிருந்து வந்தால், பஸ்யாலைப் பக்கம் கஜுகமவில் துண்டும் ‘ஹெட்டய’ என்ற இரவிக்கையும் உடுத்த பெண்கள் வறுத்த கஜுவோடு வரிசையாக இருக்கிறார்கள். மாவனெல்லை தாண்டி ஏறினால் வெண்ணெய்ப்பழமும் துரியனும். ஏற்றம் முடிந்து கன்னொறுவைக்குப் போனால் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கூடத்தில் கிராமத்துப் பெண்கள் கண்முன்னே அப்பம் சுட்டு, கொளக்கெந்த என்ற இலைக்கஞ்சி ஊற்றித் தருகிறார்கள். திட்டம் என்று சொல்லத்தக்கது இதில் கடைசி ஒன்றுதான். மற்றவை எந்தத் திட்டத்துக்கும் காத்திருக்கவில்லை.

காட்டுக்குள்ளே போனால் நிலத்தின் கேள்வி திரும்ப வருகிறது. கண்டிக்கு அப்பால் தும்பறை மலைத்தொடர், ஆங்கிலேயர் நக்கிள்ஸ் என்றது, 2000இல் பாதுகாப்புக் காடானது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஏலச் செய்கைக்குக் கதவு சாத்தப்பட்டபோது, மீமுரே போன்ற ஊர்களில் மலையேற வருவோருக்குச் சோறும் பாயும் கொடுப்பது ஒரு வருமானமாயிற்று. சமையல் அவளுடையது, விருந்தினர் படுப்பதும் அவள் பெருக்கி வைத்த அறையில், காணி யாருடையது? குடியேற்றக் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டின் சட்டம் உயிலில்லா வாரிசுரிமையில் ஆணுக்கே முன்னுரிமை தந்தது. அது திருத்தப்பட்டது 2022இல்தான். அரசனுக்குக் கடமை கட்டாத பெண் நிலத்தை நொக்ஸ் பார்த்த நாட்டில், பெண்ணுக்கு நிலம் சேர்வதைத் தடுத்த சட்டம் இருபதாம் நூற்றாண்டினது. போஸரப்பின் கோடு உண்மையில் எங்காவது ஓடியிருந்தால், அது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் ஓடியிருக்க வேண்டும்.

2025 நவம்பரில் கீழ்க் கடுகண்ணாவையில் மலை சரிந்து வீதியோரக் கடையொன்றின் மேல் விழுந்தது, உயிர்கள் போயின. அந்த ஏற்றத்தில் கடை போட மலைச்சரிவுக்கும் தார் விளிம்புக்கும் நடுவே கிடைக்கும் சில அடி அகலம்தான் இடம். மண்ணை அகற்றி வாகனங்கள் மறுபடி ஏறத் தொடங்கியபோது, பழக்கூடைகள் போய் நிற்க வேண்டியிருந்ததும் அதே சில அடியில்தான்.