சாங்கிக் கடற்கரையில் ஆமையா? முதலில் காலைப் பாருங்கள்

தமிழில் கடலில் வாழ்வதும் ஆமை, குளத்தில் வாழ்வதும் ஆமை, தரையில் நடப்பதும் ஆமைதான். இந்த ஒரே பெயரால் குழப்பம் வருகிறது. நன்னீர் ஆமையைக் காப்பாற்றுவதாக எண்ணிக் கடலில் விட்டால் அது பிழைக்காது. கடலாமைக் குஞ்சைக் குழாய்த் தண்ணீரில் போடுவதும் தவறு.

கால் சொல்லும் அடையாளம்

துடுப்பு போன்ற கால் இருந்தால் கடலாமை. அதனால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. விரல்களுக்கு நடுவே சவ்வும் கூரிய நகங்களும் இருந்தால் நன்னீர் ஆமை. யானைக்கால்போல் தடித்திருந்தால் தரை ஆமை.

கடலாமைகள்

சிங்கப்பூர்க் கடலில் காணப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை.

அழுங்காமை: கிளிமூக்குபோல் வளைந்த கூரிய வாய். ஓட்டுத் தகடுகள் கூரை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஓட்டின் பின் ஓரம் ரம்பப் பல்போல் இருக்கும். உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இந்த இனம் சாங்கி, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைகளில் முட்டையிட்டுள்ளது.

பேராமை: உருண்டைத் தலை, மழுங்கிய வாய். ஓட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் பக்கம் பக்கமாக இருக்கும்.

குளத்து ஆமைகள்

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது செங்காது ஆமை. அமெரிக்காவிலிருந்து வந்த இனம். கடையில் வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும்; வளர்ந்தால் 30 சென்டிமீட்டர்வரை எட்டும்; 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மலாயாப் பெட்டி ஆமைக்குக் கருத்த, மேடான ஓடு. முகத்தில் மஞ்சள் கோடுகள். அடிப்பக்க ஓடு கதவுபோல் மூடிக்கொள்ளும். வீட்டில் வளர்க்க அனுமதி உள்ளவை இந்த இரண்டு வகைகள் மட்டுமே.

தேரையும் தவளையும்

தேரை: சொரசொரத்த தோல், கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பி. அதில் வரும் பால் நச்சுத்தன்மை உள்ளது. நாய் கவ்வினால் ஆபத்து. தொட்டால் மரு வரும் என்பது உண்மையல்ல.

மரத்தவளை: மெலிந்த உடல், விரல் நுனியில் வட்டமான ஒட்டுத்தட்டு. தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும்.

பட்டைத் தவளை: குண்டு உடல், இருபுறமும் வெளிர்நிறப் பட்டை. மழை பெய்த இரவில் வீவக புளோக் அருகே கால்வாயில் மாடு கத்துவதுபோல் கேட்டால் பெரும்பாலும் இதுதான்.

நண்டு தின்னும் தவளை: பழுப்பு நிறம். உப்புநீரைத் தாங்கும் அபூர்வத் தவளை; சதுப்புநிலக் காடுகளில் வாழும்.

கண்டால் என்ன செய்வது?

கடலாமை கரையேறினால் தள்ளி நில்லுங்கள். தொடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், கைவிளக்கையும் கேமரா ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி நகரும். விளக்கைக் கண்டால் கடலை விட்டுச் சாலைப்பக்கம் போய்விடும். தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 எண்ணுக்கு அழையுங்கள்.

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று பயந்தோ, புண்ணியம் என்று நினைத்தோ வளர்ப்பு ஆமையைக் குளத்திலும் கடலிலும் விடாதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வளர்க்க முடியாவிட்டால், பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.