தொலைக்கட்டுப்பாட்டுப் பாறையேறி ஊர்தியைப் போட்டிக்குச் சீரமைத்தல்

தொலைக்கட்டுப்பாட்டுப் பாறையேறி அல்லது ராக் கிராலர் என்பது, பாறைகள் நிறைந்த கரடுமுரடான தடத்தில் மிக மெதுவாக ஏறிக் கடப்பதற்கென வடிவமைக்கப்பட்ட, வானலைக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிறு ஊர்தி ஆகும். இவற்றுள் 1:10 அளவுவிகிதத்தில் அமைந்தவையே பரவலாகக் காணப்படுகின்றன. நான்கு சக்கரங்களும் மோட்டாரால் இயக்கப்படுவதும், முன்னும் பின்னும் முழு அச்சுகள் இருப்பதும் இவ்வூர்திகளின் பொது இயல்புகள். கடையில் வாங்கிய நிலையில் ஓர் ஊர்தி ஓரளவு ஏறும். எனினும், போட்டித் தடத்தில் கவிழாமலும் பின்வாங்காமலும் செல்ல, அதன் எடைப் பரம்பல், டயர், பற்சக்கர விகிதம், தொங்கல் அமைப்பு, மின்னமைப்பு ஆகியவற்றைத் திருத்த வேண்டும். இத்திருத்த வேலையே சீரமைத்தல் எனப்படுகிறது.

வேகப் பந்தயச் சீருந்துகளில் குறையாகக் கருதப்படும் பல பண்புகள் பாறையேறியில் நிறையாகின்றன. கனமான சக்கரங்கள், பூட்டப்பட்ட அச்சுகள், மெதுவாகச் சுழலும் மோட்டார் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

வரலாறு

முழு அளவு ஊர்திகளைக் கொண்டு பாறையேறும் விளையாட்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் வளர்ந்தது. யூட்டா மாநிலத்தின் மோவாப், கலிபோர்னியாவின் ரூபிக்கான் தடம் ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற இடங்கள். அதே நாட்டின் பொழுதுபோக்காளர்கள் இவ்விளையாட்டைச் சிறு ஊர்திகளுக்குக் கொண்டுவந்தனர். தொடக்கத்தில் இதற்கெனத் தனி ஊர்திகள் விற்பனையில் இல்லை. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1987 இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் போன்ற பெருஞ்சக்கர ஊர்திகளை மாற்றியமைத்தே பலர் பயன்படுத்தினர். கிளாட் பஸ்டரில் அச்சுக்கு ஒன்றாக இரண்டு மோட்டார்களும், நான்கு சக்கரத் திருப்பமும் இருந்தன. ஆக்சியல் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஏஎக்ஸ்10 ஸ்கார்ப்பியன், போட்டிக்கென்றே விற்கப்பட்ட ஊர்திகளுள் பரவலாக அறியப்பட்டது. டிராக்சஸ் நிறுவனம் 2017 இல் வெளியிட்ட டிஆர்எக்ஸ்-4, உயர்த்தப்பட்ட அச்சு அமைப்பையும், ஓட்டுநரின் கைக்கருவியிலிருந்தே பூட்டவும் திறக்கவும் கூடிய டிபரன்ஷியலையும் கொண்டிருந்தது.

போட்டி முறை

போட்டித் தடம் இணையிணையாக நடப்பட்ட குறிகளால் ஆனது. ஒவ்வோர் இணையும் ஒரு வாயில் எனப்படும். ஓட்டுநர் ஊர்தியை வாயில்களின் வழியே வரிசை மாறாமல் குறித்த நேரத்துக்குள் செலுத்த வேண்டும். பெரும்பாலான விதிமுறைகளில் பிழைகளுக்குப் புள்ளிகள் கூட்டப்படும். எனவே குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். அமெரிக்கத் தொலைக்கட்டுப்பாட்டுப் பாறையேறிச் சங்கத்தின் விதிகளில், பின்னோக்கிச் செல்வதற்கு 1 புள்ளியும் வாயில் குறியைத் தொடுவதற்கு 10 புள்ளிகளும் தண்டமாகும். வகைகள் சக்கர வளையத்தின் விட்டத்தைக் கொண்டு 1.9 அங்குலம், 2.2 அங்குலம் எனப் பெயர் பெறுகின்றன.

இப்புள்ளி முறை சீரமைப்பின் நோக்கத்தையும் தீர்மானிக்கிறது. விரைவாக ஏறும் ஊர்தியைவிட, முதல் முயற்சியிலேயே எண்ணிய இடத்தில் சக்கரத்தை வைக்கும் ஊர்திக்கே மதிப்பு அதிகம்.

எடைப் பரம்பல்

சீரமைப்பில் முதலிடம் பெறுவது ஈர்ப்பு மையத்தின் இடம். ஈர்ப்பு மையத்திலிருந்து நேர்கீழாக வரையப்படும் கோடு, சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளுக்கு வெளியே விழும்போது ஊர்தி கவிழ்கிறது. ஆகவே, செங்குத்தான ஏற்றத்தில் ஊர்தி பின்புறமாகக் கவிழும் கோணத்தை எளிய கோணவியல் கொண்டு கணிக்கலாம். பின்சக்கரத் தொடுபுள்ளியிலிருந்து ஈர்ப்பு மையத்தின் கிடைத்தூரத்தைத் தரையிலிருந்து அதன் உயரத்தால் வகுத்தால், கவிழ் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பு கிடைக்கும்.

முன், பின் அச்சுகளுக்கு இடையே 313 மில்லிமீட்டர் தூரமுள்ள ஓர் ஊர்தியை எடுத்துக்கொள்வோம்.

• எடை முன்னும் பின்னும் சமமாகவும், ஈர்ப்பு மையம் 90 மி.மீ. உயரத்திலும் இருந்தால், கவிழ் கோணம் ஏறத்தாழ 60 பாகை.
• உயரம் மாறாமல், எடையில் 60 விழுக்காடு முன் அச்சின்மீது அமைந்தால், அது ஏறத்தாழ 64 பாகை.
• அதே முன் எடையுடன் உயரம் 75 மி.மீ. ஆகக் குறைந்தால், ஏறத்தாழ 68 பாகை.

கவிழ்வதற்கு முன்பே மற்றொரு சிக்கல் எழுகிறது. ஏற்றத்தில் எடை பின்சக்கரங்களுக்கு மாறுவதால் முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து திசைமாற்ற இயலாமல் போகின்றன. மேற்கண்ட ஊர்திகளுள் முதலாவது, 45 பாகை ஏற்றத்தில் தரையை அழுத்தும் விசையில் ஏறத்தாழ 21 விழுக்காட்டை மட்டுமே முன்சக்கரங்களில் வைத்திருக்கும். மூன்றாவது ஏறத்தாழ 36 விழுக்காட்டைத் தக்கவைக்கும். சமதளத்தில் சிறியதாகத் தோன்றும் எடை மாற்றம் ஏற்றத்தில் பெரும் வேறுபாட்டைத் தருவதை இதனால் அறியலாம்.

ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தவும் முன்னே நகர்த்தவும் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

• மின்கலத்தைப் பின்புறத்திலிருந்து முன் அச்சுக்கு மேலே, இயன்ற அளவு தாழ்வாக மாற்றுதல்.
• முன் சக்கர வளையங்களிலும் அச்சின் முனைகளிலும் பித்தளை எடைகளைப் பொருத்துதல்.
• மேற்கூட்டை எடை குறைந்த மெல்லிய பாலிகார்பனேட்டால் அமைத்தல்.
• மேலே உள்ள அலங்காரப் பொருட்களை நீக்குதல்.

சுருள்வில்லால் தாங்கப்படாத சக்கர எடையைக் கூட்டுவது பந்தயச் சீருந்தில் தவறாகும். பாறையேறி மிக மெதுவாக நகர்வதால் அத்தீமை இங்கு அரிதாகவே வெளிப்படுகிறது. எனினும் எடைக்கு விலை உண்டு. கூடுதல் எடை அச்சுத் தண்டுகளையும் பற்சக்கரங்களையும் உடைக்கக்கூடும். மோட்டாரும் திருப்பும் செர்வோவும் வெப்பமடையும். செங்குத்தான இறக்கத்தில் முன்பக்கம் கனத்த ஊர்தி முன்புறமாகக் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. எனவே மேலே இருக்கும் எடையைக் குறைத்த பின்னரே கீழே எடை சேர்ப்பது முறையாகும்.

டயரும் நுரையும்

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஊர்தி ஏறக்கூடிய அதிகபட்சச் சாய்வின் டேன்ஜெண்ட் மதிப்பு, டயருக்கும் பாறைக்கும் இடையேயான உராய்வுக் கெழுவுக்குச் சமம். ஊர்தியின் மொத்த எடை இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. 45 பாகைச் சாய்வில் ஏற உராய்வுக் கெழு 1 ஆவது இருத்தல் வேண்டும். மென்மையான இரப்பர், பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுள் அழுந்திப் பற்றுவதால் இம்மதிப்பையும் கடக்கிறது. தூசி படிந்த டயர் இப்பிடிப்பை இழப்பதால், ஓட்டத்துக்கு முன் டயரைத் துடைப்பது பயனுள்ள பழக்கம்.

இவ்வூர்திகளின் டயரில் காற்றழுத்தம் இல்லை. உள்ளே வைக்கப்படும் நுரை வளையமே டயரைத் தாங்குகிறது. சக்கரத்திலோ டயரிலோ இடப்படும் சிறு துளைகள் காற்றை வெளியேற்றி, டயர் பாறையின் வடிவத்துக்கேற்ப மடிய உதவுகின்றன. நுரை மிக மென்மையாக இருந்தால் பக்கச் சரிவில் டயர் மடங்கி ஊர்தி உருளும். மிகக் கடினமாக இருந்தால் டயர் பாறைமீது துள்ளும். இதனால் உள்ளே கடின நுரையும் வெளியே மென்னுரையும் கொண்ட ஈரடுக்கு வளையங்கள் விரும்பப்படுகின்றன. நுரையைக் கத்தரித்தும் டயரின் மென்மையை மாற்றலாம். டயரை ஒட்டாமல் திருகாணிகளால் இறுக்கிப் பிடிக்கும் வளையங்கள், நுரையை அடிக்கடி மாற்றிப் பார்க்க வசதியளிக்கின்றன.

அச்சுகளும் பற்சக்கரங்களும்

சாதாரண டிபரன்ஷியல் உள்ள அச்சில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால், விசை முழுவதும் அச்சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே வீணாகும். ஆகவே பாறையேறியின் அச்சுகள் இரு சக்கரமும் ஒன்றாகச் சுழலுமாறு பூட்டப்படுகின்றன. இதனால் வளைவில் திரும்பும் வட்டம் பெரிதாகிறது. இக்குறையைப் போக்க முன்சக்கரங்களின் திருப்பக் கோணம் கூட்டப்படுகிறது. சில ஊர்திகளில் பின் அச்சைத் தற்காலிகமாக நிறுத்தி, முன் அச்சு மட்டும் இழுக்குமாறு செய்து ஊர்தியை ஓரிடத்தில் சுழற்றும் டிக் என்னும் அமைப்பும் உண்டு.

முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழலுமாறு பற்சக்கரங்களை அமைப்பதும் வழக்கம். எடுத்துக்காட்டாக, பின் அச்சில் 38/13 பற்களும் முன் அச்சில் 36/14 பற்களும் இருந்தால், முன்சக்கரங்கள் ஏறத்தாழ 14 விழுக்காடு வேகமாகச் சுழலும். இவ்வமைப்பு ஊர்தியை முன்னிருந்து இழுப்பதால் ஏற்றத்தில் முன்பக்கம் தூக்குவது குறைகிறது. திரும்பும் வட்டமும் சிறிதாகிறது. மாறாக, பிடிப்பு மிகுந்த பாறையில் டயர்கள் வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள்மீது அழுத்தம் கூடுகிறது.

உயர்த்தப்பட்ட அச்சு அமைப்பில் அச்சுக்குழாய் சக்கர மையத்துக்கு மேலே அமைந்து, சக்கரத்தருகே உள்ள பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைக்கின்றன. இதனால் அச்சின் அடியில் கூடுதல் இடைவெளி கிடைக்கிறது. கடைசிக் குறைப்பு சக்கரத்தருகே நிகழ்வதால், செலுத்துத் தண்டில் முறுக்குவிசையும் குறைகிறது.

தொங்கல் அமைப்பு

நான்கு டயர்களும் எப்போதும் பாறையைத் தொட்டிருக்கச் செய்வதே தொங்கல் அமைப்பின் வேலை. இதற்கு மென்மையான சுருள்வில்களும் அடர்த்தி குறைந்த சிலிக்கான் எண்ணெயும் அதிர்வேற்பிகளில் பயன்படுத்தப்படுகின்றன. சக்கரம் மேலே செல்லும் தூரத்தைவிடக் கீழே இறங்கும் தூரம் மிகுதியாக அமைந்தால், ஊர்தியின் உடல் தாழ்வாகவே நிற்கும். ஆனால், உடலை மிகவும் தாழ்த்தினால் ஊர்தியின் அடிப்பகுதி பாறையில் மாட்டிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் இடையே தடத்துக்கேற்ற உயரத்தைக் கண்டறிய வேண்டும்.

மோட்டார் செலுத்துத் தண்டை முறுக்கும்போது, அதன் எதிர்விசை ஊர்தியின் உடலை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. இதனால் ஒரு முன்சக்கரம் தூக்கப்படலாம். தாழும் பக்கத்தில் சற்றுக் கடினமான சுருள்வில்லைப் பொருத்துவது இதற்கான எளிய தீர்வு.

பின் அச்சைச் சட்டகத்துடன் இணைக்கும் மேல், கீழ்த் தண்டுகளின் கோணமும் முக்கியமானது. மேல்தண்டின் சட்டகமுனையைத் தாழ்த்தினால், விசை கொடுக்கும்போது ஊர்தியின் பின்பகுதி அமிழ்வது குறையும். அளவுக்கு மீறித் தாழ்த்தினால் பின்பகுதி எழும்பிச் சக்கரங்கள் துள்ளும்.

மின்னமைப்பு

மோட்டாரின் சுற்று எண்ணிக்கை கூடக்கூட வேகம் குறைந்து, மெதுவான கட்டுப்பாடு எளிதாகிறது. தூரிகை மோட்டார்களில் 35, 45, 55 சுற்றுகள் கொண்டவை பாறையேறிகளுக்கெனக் கிடைக்கின்றன. தூரிகையற்ற மோட்டாரில் சுழலியின் நிலையை அறியும் உணரி இல்லாவிடில், மிகக் குறைந்த வேகத்தில் மோட்டார் திணறக்கூடும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் இழுநிறுத்தம் என்னும் அமைப்பு முழு அளவில் வைக்கப்படுகிறது. விசைக்குதிரையை விட்டவுடன் ஊர்தி சரிவிலேயே அசையாமல் நிற்க இது உதவுகிறது. ஓட்டுநர் நின்று, தடத்தை நோக்கி, அடுத்த நகர்வை எண்ணிப் பார்க்க இதுவே நேரம் தருகிறது.

பாறையிடுக்கில் சிக்கிய சக்கரத்தைத் திருப்ப முயலும் செர்வோ பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது மின்னழுத்தம் சரிந்து வானலைப் பெறுவி நின்றுவிட வாய்ப்புண்டு. இதைத் தவிர்க்கச் செர்வோவுக்குத் தனி மின்னழுத்தச் சீராக்கி பொருத்தப்படுகிறது. லித்தியம் பாலிமர் மின்கலத்தின் ஓர் அறைக்குப் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டு அல்லது மூன்று அறைகள் கொண்டவை வழக்கத்தில் உள்ளன. அறையின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழ் சென்றால் மின்கலம் பழுதடையும். சேதமுற்ற மின்கலம் தீப்பற்றவும் கூடும் என்பதால், பாறையில் அடிபடாதவாறு அதனைப் பொருத்துவதும், மின்னேற்றும்போது அருகில் இருப்பதும் இன்றியமையாதவை.

சோதனை முறை

ஒரு திருத்தத்தின் பயன் மற்றொன்றால் மறைக்கப்படக்கூடும். எனவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பாறையில், அதே வழியில் பலமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல முறை. சோதனைக்கு வீட்டிலேயே ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, ஊர்தி எப்பாகையில் பின்புறமாகவும் பக்கவாட்டிலும் கவிழ்கிறது என அளக்கலாம். சமையலறைத் தராசில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்து எடை விழுக்காட்டைக் கணக்கிடலாம். நிறுக்கும்போது மற்ற அச்சைத் தராசின் தட்டுக்குச் சமமான உயரத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மாற்றியவற்றையும் அவற்றின் விளைவுகளையும் குறித்து வைத்தால், பொருந்தாத திருத்தத்தை விலக்கிப் பழைய நிலைக்குத் திரும்புவது எளிது. ஒரு தடத்துக்குச் சிறந்த அமைப்பு மற்றொரு தடத்துக்குப் பொருந்தாமல் போகலாம். ஈரமான வழுக்குப் பாறையும், காய்ந்த சொரசொரப்பான பாறையும் வெவ்வேறு நுரையை வேண்டுகின்றன. எல்லாத் தடத்துக்கும் பொதுவாக உதவுவது தாழ்வாகவும் சற்று முன்னேயும் அமைந்த எடையே. ஏனையவற்றைத் தடத்தைக் கண்ட பின்னர் முடிவு செய்யலாம்.