இரண்டாம் பூட்டு வந்த வழி

ஆன்லைன் கேம் கணக்கு ஒன்றை யாரோ ஹேக் செய்து, பல ஆண்டுகள் ஆடிச் சேர்த்ததைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால் அது யார் குற்றம்? “பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா?” என்று பறிகொடுத்தவரையே கேட்பதுதான் நெடுங்கால வழக்கம். ஆனால் இந்தக் கணக்குகளின் வரலாற்றைப் பார்த்தால், வெறும் அறிவுரையால் திருட்டு நின்றதாகத் தெரியவில்லை. பறிபோனது உண்மையான உடைமை, அதைக் காக்கும் பொறுப்பு ஆட்டத்தை நடத்துகிறவருக்கும் உண்டு என்ற எண்ணம் வலுப்பெற்ற பிறகே உருப்படியான பூட்டுகள் வந்தன.

முதல் அடி நீதிமன்றத்தில் விழுந்தது. ‘ரெட் மூன்’ என்ற ஆட்டத்தில் இரண்டு ஆண்டு உழைப்பையும் ஏறக்குறைய 10,000 யுவானையும் செலவிட்டு ஆயுதங்கள் சேர்த்த ஒரு சீன ஆட்டக்காரர், 2003இல் அவற்றை ஹேக்கரிடம் இழந்தார். எடுத்தது யார் என்று சொல்ல ஆட்டத்தை நடத்திய நிறுவனம் மறுத்தது. அந்த ஆயுதங்கள் வெறும் தரவுக் குவியல், ஆட்டத்துக்கு வெளியே அவற்றுக்கு மதிப்பில்லை என்றும் வாதிட்டது. பெய்ஜிங் சாவோயாங் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனத்தின் சர்வரில் ஓட்டை இருந்ததால்தான் திருட்டு நடந்தது, பொருட்களை அதுவே மீட்டுத் தர வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. கையால் தொட முடியாததைத் திருட முடியுமா என்ற கேள்வி நெதர்லாந்திலும் எழுந்தது. அங்கே 2007இல், 13 வயதுச் சிறுவன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, ‘ரூன்ஸ்கேப்’ ஆட்டத்தில் அவனிடம் இருந்த தாயத்தையும் முகமூடியையும் பிடுங்கினார்கள். அவற்றைச் சேர்க்க அவன் போட்ட நேரமும் உழைப்பும் மதிப்புள்ளவை, ஆகவே நடந்தது திருட்டுதான் என்று 2012 ஜனவரி 31 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. ‘விளையாட்டுப் பொருள்தானே’ என்று இன்றும் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு தீர்ப்புகளே போதும்.

சந்தைக்கு இந்தத் தெளிவு நெதர்லாந்துத் தீர்ப்புக்கு முன்பே இருந்தது. 2004 நவம்பரில் வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆட்டத்தின் தங்கம் வெளிச்சந்தையில் அசல் பணத்துக்கு விலைபோனது. கணினியில் ஒளிந்துகொண்டு ஒவ்வொரு விசைத் தட்டலையும் பதிவு செய்யும் கீலாகர், பாஸ்வேர்டைத் திருடனிடம் சேர்த்துவிடும். அவன் உள்ளே நுழைந்து கவசத்தையும் வாளையும் விற்றுத் தங்கமாக்கி, தங்கத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவான். எத்தனை நீளமான பாஸ்வேர்டும் இதன் முன் நிற்காது. இந்த வகைத் திருட்டு நிரல்கள் எவ்வளவு தூரம் பரவின என்பதற்கு ஒரு சான்று: 2008இல் சர்வதேச விண்வெளி நிலைய மடிக்கணினிகளிலேயே ஒன்று பிடிபட்டது. அது ஆன்லைன் கேம் பாஸ்வேர்டுகளைத் திருடுவதற்கென்றே எழுதப்பட்டது.

அதே ஆண்டு ஜூனில், வார்கிராஃப்டை நடத்தும் பிளிசார்ட் நிறுவனம் 6.50 டாலர் விலையில் ஒரு சின்னக் கருவியை அறிவித்தது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம், பொத்தானை அழுத்தினால் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். பாஸ்வேர்டோடு அதையும் தட்டினால்தான் கதவு திறக்கும். சற்று நேரத்தில் அந்த எண் செல்லாததாகிவிடும். இதைப் பூட்டிக்கொண்டவர்களுக்கு ஆட்டத்தில் இரட்டைத் தலை நாய்க்குட்டி ஒன்றையும் பின்னால் பரிசாகக் கொடுத்தார்கள். இத்தகைய கருவிகள் வங்கிகளிடம் முன்பே இருந்தன, கேம் நிறுவனம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இந்தியாவில் இணையவழிக் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது 2009 ஆகஸ்டில். கூகுள் தன் எல்லாப் பயனர்களுக்கும் அந்த வசதியைத் திறந்தது 2011இல். மின்னஞ்சலுக்கு இரண்டாம் பூட்டு போடும் பழக்கம் ஊருக்குள் வரும் முன்பே, மாயவாளைக் காக்க அதைப் போட்டுப் பழகிய சாதாரண மக்கள் இருந்தார்கள்.

ஏமாறுபவர்கள் அசட்டையானவர்கள், அவர்களுக்காக எல்லோரையும் ஏன் தொல்லைப்படுத்த வேண்டும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் 2015 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை அதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அப்போது மாதந்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டன. இழந்தவர்களில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் தேர்ந்த வியாபாரிகளும் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அதுவரை, திருட்டுப் போன பொருளுக்கு நகல் எடுத்துக் கொடுத்துவந்தார்கள். நகல் பெருகப் பெருக, அதே பொருளை வைத்திருந்த மற்றவர்களின் கைப்பொருளும் மதிப்பிழந்தது. ஆகவே, செல்போன் சரிபார்ப்பு இல்லாதவர் கைமாற்றும் பொருளை மூன்று நாள்வரை நிறுத்திவைக்கும் விதியைக் கொண்டுவந்தார்கள். வியாபாரிகளுக்கு அது தொல்லைதான். ஆனால் திருடனின் பலமே வேகம். அந்த மூன்று நாள் அவன் காலைக் கட்டியது, உரியவர் விழித்துக்கொள்ளவும் அவகாசம் தந்தது.

இரண்டாம் பூட்டும் உடைபடாததல்ல. 2010 தொடக்கத்திலேயே, ஆட்டக்காரர் தட்டும் ஆறு இலக்கத்தை நடுவழியில் பிடித்து, அது காலாவதியாகும் முன் தானே பயன்படுத்திக்கொள்ளும் நிரல் வந்துவிட்டது. ஆனாலும் அப்படிப் பிடிக்கும் எண் ஒருமுறைதான் உதவும். திருடிய பாஸ்வேர்டை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். பயனரின் கவனத்தால் ஆகக்கூடியது எவ்வளவு குறைவு என்பதை 2011 ஏப்ரல் காட்டியது. சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் 7.7 கோடி கணக்குகளின் விவரங்கள் வெளியே போயின. சேவை மூன்று வாரங்களுக்கு மேல் முடங்கியது. அதில் எந்த ஆட்டக்காரர் என்ன தவறு செய்தார்?

நாய்க்குட்டியைப் பரிசாகக் காட்டி இரண்டாம் பூட்டுக்கு ஆள் சேர்த்த காலம் போதும். கணக்கு தொடங்கும்போதே நிறுவனங்கள் அதைப் போட்டுத் தர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், உங்கள் வீட்டுப் பிள்ளை ஆடும் கணக்கின் செட்டிங்ஸை இன்றே திறந்து அந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள். செல்போனுக்கு வரும் எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.