துண்டு துண்டாய்ச் செல்லும் அமானிதம்

பழைய அரபுக் கிதாபு ஒன்றை விரித்துப் பார்ப்போர், ஏட்டின் அடியில் இடப்புற மூலையில் ஒரு சொல் தனித்து நிற்பதைக் காண்பர். அது அடுத்த பக்கத்தின் முதற்சொல். ‘தஃகீபா’ என்பது அதன் பெயர். தைத்த நூல் அறுந்து ஏடுகள் சிதறினாலும், அச்சொல்லைத் துணைக்கொண்டு வரிசை பிறழாமல் அடுக்கிவிடலாம். இன்று கணிப்பொறிகள் படத்தையும் ஒலியையும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் வரலாற்றை ஆராயும்போது அந்த ஏடுகளே நினைவுக்கு வருகின்றன.

1960களில் அமெரிக்காவில் பால் பேரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தனர். செய்தியை முழுதாக அனுப்பாமல், சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி அனுப்ப வேண்டும் என்பதே அம்முடிவு. அத்துண்டுக்குப் ‘பாக்கெட்’ எனப் பெயரிட்டவர் டேவிஸ். 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகக் கணிப்பொறியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்துக்கு ஐந்தெழுத்துச் சொல் ஒன்றை அனுப்ப முயன்றனர். இரண்டெழுத்து போய்ச் சேர்ந்ததும் பொறி நின்றுவிட்டது! 1971 ஏப்ரலில், கோப்புகளை அனுப்புவதற்கான முதல் விதிமுறையை எழுதியவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்கா சென்ற அபய் பூஷண் என்பது நம் நாட்டார் அறிய வேண்டிய செய்தி.

விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974இல் வெளியிட்ட திட்டத்திலிருந்து வளர்ந்த விதிமுறை, 1983 ஜனவரி முதல் நாள் அவ்வலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, 30 இலட்சம் பைட் அளவுள்ள நிழற்படம் ஏறத்தாழ 2,000 துண்டுகளாகப் பிரியும். பின்னது முன்னும் முன்னது பின்னுமாக அவை வந்து சேரலாம். வரிசை எண் இருப்பதால் பெறும் பொறி அவற்றை முறையாக அடுக்கிவிடுகிறது. தஃகீபா செய்த பணி இதுவே. ‘இன்ன இடம்வரை கிடைத்தது’ என்று அது மறுமொழியும் விடுக்கிறது. மறுமொழி வராத துண்டு மீண்டும் அனுப்பப்படுகிறது. ஹதீஸ் ஏடுகளை ஆசிரியர் முன் ஓதி ஒப்பிட்ட மாணவர்கள், நிறுத்திய இடத்தின் ஓரத்தில் ‘பலஃக’, அதாவது ‘எட்டியது’ என்று குறித்துவைத்த வழக்கத்துக்கு இது எத்துணை நெருக்கமானது!

எழுத்தை மட்டுமே சுமந்த மின்னஞ்சலில் படமும் ஒலியும் ஏறியது 1992இல். மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றி அனுப்பும் உபாயமும் அவ்விதிகளில் அடங்கும். அவற்றை நெட் ஃப்ரீடுடன் வகுத்த நத்தானியல் போரன்ஸ்டீன், தம் பாடற்குழுவின் படத்தையும் பாட்டையும் மார்ச் 11 அன்று அனுப்பிச் சோதித்தார். 2001இல் பிராம் கோஹன் அமைத்த பிட்டொரண்ட் முறையில், ஒரே கோப்பின் துண்டுகள் பலரிடமிருந்து வரும். ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் அளவுள்ள அடையாளக் குறி முன்னரே தரப்பட்டிருக்கும். அதனோடு ஒவ்வாத துண்டு தள்ளப்படும். ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னு ஸலாஹ் (ரஹ்) அவர்கள், படியெடுத்தவர் மூலத்தோடு ஒப்பிட்டே ஆகவேண்டும் என்று வலியுறுத்திய ‘முகாபலா’வும் இத்தகையதே. பொறியாளர்கள் நம் முன்னோரிடம் கற்றார்கள் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஒரே வகைச் சிக்கல் ஒரே வகை விடையைத் தந்தது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. முஹத்திஸ்கள் இரண்டு கேள்விகள் கேட்டனர். படி பழுதற்றதா என்பது ஒன்று; சொன்னவர் யார், நம்பத்தக்கவரா என்பது மற்றொன்று. அறிவிப்பாளர் தம் ஆசிரியரைச் சந்தித்தாரா என்பதையும் இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஆராய்ந்தார்கள். பொறியோ முதற்கேள்வியோடு நின்றுவிடுகிறது. ‘இது கூடும் என்று சிலர் கூறுவர், அது பிழை’ என ஓர் ஆலிம் பேசியதில் பின்பாதியை அறுத்தெறிந்து ஒருவன் அனுப்பினால், எஞ்சிய முன்பாதி ஓர் ஒலியும் குறையாமல் ஆயிரம் வீடுகளுக்குப் போய்ச் சேரும். பொறியின் கணக்கில் அதில் பிழையே இல்லை. பழியோ பேசியவர் தலையில் விழும்.

கைப்பேசியில் வந்ததைப் பிறருக்கு அனுப்பும் ஒவ்வொருவரும் அத்தொடரில் ஓர் அறிவிப்பாளரே. யாரிடமிருந்து வந்தது, முழுமையாக வந்ததா என்று விசாரித்த பின்னரே விரல் அசைய வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இப்பழக்கத்தை வீட்டிலேயே கற்பிப்போமாக!