பாளையத்துப் பையன் பீட்டர் தங்கராஜ்

பாளையம் என்றால் படை இறங்கித் தங்குகிற இடம். பெரியபாளையத்துக்கு ஆடி மாதம் வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிற கூட்டம் பவானியம்மனைத்தான் நினைக்கிறது. ஊர்ப்பெயருக்குள் இருக்கிற படையை நினைப்பதில்லை. கோயிலைத் தாண்டி ஆரணியாற்று மணலில் இறங்கினால், தண்ணீர் இல்லாத மாதங்களில் மாலை வேளையில் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் கல் வைத்து கோல். "யார்டா கீப்பர்?" என்றதும் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பார்கள். கடைசியில் கூட்டத்தில் யார் நெட்டையோ அவனைப் பிடித்து நிறுத்துவார்கள்.

அப்படி நிறுத்தப்பட்ட ஒரு நெட்டைப் பையனின் கதைதான் இந்த வாரம். அதற்கும் பாளையத்துக்கும் தொடர்பு உண்டு.

வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் படை போன இடமெல்லாம் தமிழர்கள் போனார்கள். சிப்பாய்கள் மட்டும் அல்ல; சமையல்காரர், சலவைக்காரர், கணக்கெழுதுகிறவர் என்று ஒரு தெருவே படைக்குப் பின்னால் நடந்தது. பெங்களூர் தண்டும் சிக்கந்தராபாத்தும் அப்படித் தமிழ் காதில் விழுகிற ஊர்களாயின. அந்தத் தண்டுகளில் வெள்ளைச் சிப்பாய்கள் மாலையில் உதைத்த பந்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள் பிறகு தாங்களே உதைத்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன். மைசூர் அணிக்காக ஆடியவர். தென்னிந்தியக் கால்பந்தின் வேர் மைதானத்தில் இல்லை, பாளையத்தில் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், ஹைதராபாத்தில் பிறந்தார். சிக்கந்தராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் என்ற சின்ன கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். கிடைத்த இடம் நீலகிரி வெல்லிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர். 1758-ல் தொடங்கிய படைப்பிரிவின் பயிற்சித் தலைமையிடம் அது. வேலிக்கு வெளியே பந்து பார்த்த தலைமுறைகளின் வாரிசு இப்போது வேலிக்கு உள்ளே வந்துவிட்டார்.

ஆனால் அவர் கீப்பராக வரவில்லை. முன்வரிசையில் நின்று கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டாகத்தான் ரெஜிமென்ட் அணியில் ஆடினார். பிறகுதான் கம்பங்களுக்கு நடுவே போனார். ஆறடி மூன்று அங்குல உயரம். ஆசியாவில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு உடம்பு அபூர்வம். கோல் அடிக்கிறவனின் புத்தி எப்படி வேலை செய்யும் என்று தெரிந்த ஒருவன் கோலைக் காக்க நின்றால் எப்படி இருக்கும் என்பதை அடுத்த 15 ஆண்டுகள் இந்தியா பார்த்தது.

டூராண்ட் கோப்பை 1888-ல் சிம்லாவில் ராணுவ அணிகளுக்காகத் தொடங்கியது. அந்தக் கோப்பையை 1955-ல் வெல்லிங்டன்காரர்கள் வென்றார்கள். 1958-ல் மீண்டும் வென்றார்கள். நடுவில் வந்த ஆண்டுகளில் ஈஸ்ட் பெங்கால், ஹைதராபாத் சிட்டி போலீஸ் போன்ற அணிகள் வென்றன என்பதைப் பார்த்தால் இதன் கனம் புரியும். கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் காசு கொடுத்து ஆள் சேர்த்த காலத்தில், மலைமேல் இருந்த ஒரு பயிற்சி முகாம் தன் சிப்பாய்களை வைத்தே சாதித்தது. 1960-ல் சர்வீசஸ் அணி முதன்முறையாக சந்தோஷ் டிராபியை வென்றபோது கேப்டன் தங்கராஜ்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதே, அந்த அணியில் அவர் இருந்தார். 1960 ரோம் அணியிலும் இருந்தார். அங்கே நம் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜும் உடன் ஆடினார். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் தங்கராஜுக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவது ஜகார்த்தாவுக்காக.

1962 ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அவரும் ஹைதராபாத்காரர். உடம்புக்குள் புற்றுநோய் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் இறந்துபோனார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என்று இந்தியாவைத் தோற்கடித்தது. அதோடு தங்கராஜுக்குக் காய்ச்சல். பிரத்யுத் பர்மன் என்ற இளம் கீப்பர் கம்பங்களுக்கு நடுவே போனார். தாய்லாந்து, ஜப்பான் இரண்டையும் வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தாண்டி வந்தது இந்தியா. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது மீண்டும் தென் கொரியா.

வெற்றி பெற்றுக்கொண்டிருக்கிற கீப்பரை யாரும் மாற்ற மாட்டார்கள். ரஹீம் மாற்றினார். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை உள்ளே அனுப்பினார். கொரியர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டு ஆடுகிறவர்கள்; உயரத்துக்கு உயரம்தான் பதில் என்று அவர் கணக்குப் போட்டார். இந்திய அணியில் இன்னொரு மாற்றமும் இருந்தது. தலையில் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். ஒருவரைப் பின்னாலிருந்து முன்னே தள்ளி, முன்னால் ஆடப் பழகிய ஒருவரைப் பின்னால் காவல் வைத்து, அந்த மனிதர் தன் கடைசிப் பெரிய ஆட்டத்தை ஆடினார்.

செப்டம்பர் 4. செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய லட்சம் பேர். அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபம் ஆட்டக்காரர்கள் தலையில் விழுந்தது. 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி கோல். 20-வது நிமிடம் தலையில் கட்டுப் போட்ட ஜர்னைல் கோல். மீதி 70 நிமிடமும் பந்து தங்கராஜை நோக்கி வந்துகொண்டே இருந்தது. 85-வது நிமிடத்தில்தான் கொரியர்களால் ஒரு கோல் அடிக்க முடிந்தது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு. அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் கிடையாது. அந்த அணியின் பட்டியலில் அருமைநாயகம், எதிராஜ் என்ற பெயர்களையும் காணலாம். வாசிக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது.

1964-ல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற அணியிலும் தங்கராஜ் இருந்தார். கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது. ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராக ஊர் ஊராகப் போய், கடைசியில் பொகாரோ உருக்கு நகரத்தில் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுத்தார்.

பெரியபாளையத்திலிருந்து வடகிழக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே உருக்கு உருளை ஆலைகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். பொகாரோ அவர்களுடைய மாநிலத்தில்தான் இருக்கிறது. வேலை தேடி வடக்கிலிருந்து இங்கே வருகிற அதே பாதையில், தமிழ்ப் பெயரோடு ஒரு மனிதர் எதிர்த்திசையில் போய் அங்கேயே தங்கிவிட்டார்.

2008 மே மாதம் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நெதர்லாந்துக் கீப்பர் எட்வின் வான் டெர் சார் பெனால்டியைத் தடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததை நடுராத்திரி கண்விழித்துப் பார்த்தேன். அதே ஆண்டு நவம்பர் 24 அன்று பொகாரோவில் பீட்டர் தங்கராஜ் இறந்தார், 72 வயதில். அது எனக்குத் தெரிய வெகு நாளாயிற்று. வான் டெர் சார் மகத்தான கீப்பர். 130 முறை தன் நாட்டுக்காக ஆடியவர். அவரைக் கொண்டாடியதில் எனக்கு வருத்தம் இல்லை. தங்கராஜைக் கேட்டறியாமல் இருந்ததில் இருக்கிறது.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ 1950-களில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவராக இருந்தால், பரணில் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெல்லிங்டன் அணியின் புகைப்படம் ஏதாவது இருக்கலாம். பின்வரிசையில் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக நிற்கிறவரைப் பார்த்தால், படத்தை ஒரு பிரதி எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.