விதிக்கப்பட்ட வேடமும் தேர்ந்த வேடமும்: பாத்திரமேற்பு விளையாட்டுகளின் கிழக்கு–மேற்குப் பிரிவினை பற்றிக் கண்டித் தோட்டக் கூத்தின் வழி ஒரு மறுவாசிப்பு

பாத்திரமேற்பு வீடியோ விளையாட்டு என்பது, விளையாடுபவர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, அம்மாந்தரின் வலிமையையும் உடைமையையும் அனுபவத்தையும் எண்களாகச் சேர்த்து வளர்த்துச் செல்லும் கணினி விளையாட்டாகும். இவ்வகை இன்று பெரும்பாலும் இரு பாணிகளாகப் பிரித்தே பேசப்படுகிறது. மேற்கத்தியப் பாணியில் ஆடுபவர் தமக்கான மாந்தரைத் தாமே படைத்துக்கொண்டு, தம் முடிவுகளால் கதையைத் திருப்புகிறார் என்றும், ஜப்பானியப் பாணியில் பெயரும் முகமும் விதியும் முன்னரே எழுதப்பட்ட ஒருவரின் கதையை அவர் தொடர்ந்து செல்கிறார் என்றும் சொல்லப்படுகிறது. இப்பிரிவினைக்கு மிகக் கறாரான வடிவம் கொடுத்தவர்களுள் ஒருவர் பயோவேர் நிறுவனத்தில் எழுத்தாளராகவும் வடிவமைப்பாளராகவும் பணியாற்றிய டேனியல் எரிக்சன். ஃபைனல் ஃபேன்டஸி 13 மேற்கு நாடுகளில் வெளிவந்த 2010ஆம் ஆண்டில் அளித்த ஒரு நேர்காணலில், அவ்விளையாட்டு பாத்திரமேற்பு வகையைச் சேர்ந்ததே அன்று என்று அவர் வாதிட்டார். அதில் ஆடுபவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, மாந்தரைப் படைப்பதில்லை, மாந்தராக வாழ்வதில்லை என்பன அவர் காட்டிய காரணங்கள். ஜப்பானைக் குறிக்கும் ஓர் எழுத்தை வகைப்பெயரின் முன்னால் சேர்த்துவிடுவதால் இது மாறிவிடாது என்பதும் அவர் கருத்து.

எரிக்சனின் வாசிப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தொழிலின் உள்ளிருந்து பேசியவர் அவர். அவர் வகுத்த அளவுகோலும் தெளிவானது. எனினும் தேர்வு, படைப்பு, வாழ்தல் என்னும் மூன்றையும் அவர் ஒரே பொருளின் மூன்று பெயர்கள் போலக் கொண்டார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் தடை. இம்மூன்றும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நிற்கக் கூடியவை என்பதை இவ்வகையின் தொடக்கப் பனுவல் ஒன்றைக் கொண்டும், கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைக் கொண்டும் காட்டலாம்.

பொது மூதாதையைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. 1974இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் மாணவர்கள் எழுதிய நிலவறை விளையாட்டுகளுக்கு வித்திட்டது. அவற்றுள் முந்தியது எது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ரிச்சர்ட் கேரியட்டின் அகலபெத் 1979க்கு உரியதா 1980க்கு உரியதா என்பதிலும் அதே நிலைதான்: எழுதப்பட்ட ஆண்டைக் கொள்வோர் முன்னதையும், பரவலாக விற்பனைக்கு வந்த ஆண்டைக் கொள்வோர் பின்னதையும் சொல்கின்றனர். 1981இல் கேரியட்டின் அல்டிமாவும், கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவரின் விசார்ட்ரியும் வெளிவந்தன. ஜப்பானியப் பாணி இவ்விரண்டின் நேர்வழிப் பேறு. 1983இல் எனிக்ஸ் நிறுவனத்தின் போட்டியில் வென்று சான் பிரான்சிஸ்கோவின் ஆப்பிள் கண்காட்சிக்குச் சென்ற யூஜி ஹோரி அங்கே விசார்ட்ரியைக் கண்டார். 1984இல் ஜப்பானில் வெளியான பிளாக் ஓனிக்ஸை எழுதிய ஹெங்க் ரோஜர்ஸோ நெதர்லாந்தில் பிறந்தவர். கிழக்கின் மனப்பாங்கு என்று பின்னாளில் வருணிக்கப்பட்ட ஒன்று, அமெரிக்க மாணவர் விடுதிகளிலிருந்து சில ஆண்டுகளுக்குள் கடல் கடந்து வந்த சரக்காகவே தொடங்கியது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்குரிய முதன்மைச் சான்று, ஹோரி வடிவமைத்து 1986 மே 27 அன்று ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு வெளியான டிராகன் குவெஸ்ட். விசார்ட்ரியின் நேர்முகப் போர்க்காட்சியையும் அல்டிமாவின் மேலிருந்து நோக்கும் நிலவரைபடத்தையும் இணைத்த இவ்விளையாட்டு முழுவதும் 64 கிலோபைட் நினைவகம் கொண்ட ஒரு செருகுபேழைக்குள் அடங்கியது. ஆட்ட நிலையைப் பதிந்துவைக்கும் மின்கலம் அப்பேழையில் இல்லை. மாறாக, ஆடுபவர் ஓய்வெடுக்க விரும்பும்போது அரசர் அவருக்கு உயிர்ப்பிக்கும் மந்திரம் என்ற பெயரில் 20 ஜப்பானிய அசையெழுத்துகளைச் சொல்வார்; அவற்றைத் தாளில் எழுதிவைத்து மறுமுறை பிழையின்றி உள்ளிட்டால் பயணம் தொடரும். ஓர் எழுத்து மாறினாலும் மந்திரம் பலிக்காது. இந்த 20 எழுத்துகளே இக்கட்டுரை நின்று வாசிக்க விரும்பும் சாசனம்.

ஒவ்வோர் எழுத்தும் 64 அசைகளில் ஒன்று. எனவே ஓர் எழுத்து 6 பிட், முழு மந்திரம் 120 பிட். பிட் என்பது ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை மட்டும் தாங்கும் மிகச் சிறிய தகவல் அலகு. இதில் ஒரு பகுதி எழுத்துப் பிழையைக் கண்டறியும் சரிபார்ப்புக்குப் போய்விடுகிறது. எஞ்சியதில் நான்கு எழுத்துப் பெயர், அனுபவப் புள்ளி, பொன், ஆயுதம், மூலிகை, சாவி, சில நிகழ்வுக் குறிகள் ஆகியவை இடம்பெறுகின்றன. வீரனின் தகுதிநிலை தனியே பதியப்படுவதில்லை. அனுபவப் புள்ளியிலிருந்து அது மறுபடியும் கணக்கிடப்படுகிறது. வீரன் நின்ற இடத்துக்கும் பதிவு இல்லை. எங்கே சென்றிருந்தாலும் மீண்டும் அரசவையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். யாரிடம் என்ன பேசினான், எந்த ஊரில் எப்படி நடந்துகொண்டான் என்பவற்றை நினைவில் வைக்க மந்திரத்தில் இடமே கிடையாது. ஆடுபவரின் ஒழுக்கத் தேர்வுகளைச் சுமந்து செல்லும் கதை இத்தகைய கருவியில் உருவாகியிருக்க இயலாது என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு. 1985இல் வெளியான அல்டிமா 4 எட்டு அறங்களில் ஆடுபவரின் நடத்தையைக் கணக்கு வைத்ததென்றால், அதற்கு எழுதிப் பதியக்கூடிய நெகிழ்வட்டு துணைநின்றது.

இருந்தபோதிலும் அந்த 120 பிட்டுக்குள்ளும் ஹோரி தேர்வுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பதே இங்கு அழுத்திச் சொல்ல வேண்டியது. அத்தேர்வு, மீட்கப்பட வேண்டிய இளவரசியைப் பற்றியது. அவளை மீட்காமலே இறுதிப் பகைவனான நாக அரசனைக் கொன்று கதையை முடிக்கலாம். மீட்டாலும் அரண்மனையில் ஒப்படைக்காமல் கையில் ஏந்தியபடியே நாடு முழுவதும் அலையலாம். இறுதிக் காட்சி அதற்கேற்ப மாறும். இளவரசியோ தன்னை விரும்புகிறாயா என்று கேட்டுவிட்டு, இல்லை என்ற விடையை ஏற்க மறுத்து, ஆம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். ஜப்பானியப் பாணியில் தேர்வு வெறும் பாவனை என்பதற்கு இவ்வுரையாடல் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அதே விளையாட்டின் இறுதி உரையாடலை அவர்கள் அதனோடு சேர்த்து வாசிப்பதில்லை. நாக அரசன் உலகில் பாதியைத் தருவதாகச் சொல்லித் தன்னோடு சேர அழைக்கிறான். ஆம் என்று விடை சொன்னால் 1986 ஜப்பானியப் பதிப்பில் அவனே ஓர் உயிர்ப்பிக்கும் மந்திரத்தை வழங்குகிறான், திரை இருள்கிறது. அம்மந்திரத்தை நம்பி மறுநாள் உள்ளிடுபவர் அனுபவமும் பொன்னும் ஆயுதமும் இழந்து முதல் நிலையில் நிற்பதைக் காண்கிறார். 1989இல் டிராகன் வாரியர் என்ற பெயரில் வந்த அமெரிக்கப் பதிப்பில் மின்கலச் சேமிப்பு சேர்க்கப்பட்டுவிட்டதால் மந்திரமே நீக்கப்பட்டது; அங்கே ஆம் என்று சொன்னால் ஆட்டம் உறைந்து நிற்கும், பழைய பதிவு அழியாமல் இருக்கும், மீண்டும் தொடங்கினால் போதும்.

இப்பாடபேதம் இதுவரை பெற்ற கவனத்தைவிட மிகுதியான கவனத்துக்கு உரியது. ஜப்பானியப் பதிப்பில் ஆடுபவரின் துரோகம் அவர் கையால் தாளில் எழுதப்படுகிறது. முந்தைய மந்திரம் எழுதிய தாள் கைவசம் இருந்தால்தான் அவர் மீள முடியும். அமெரிக்கப் பதிப்பில் அதே தேர்வு விளைவற்றதாகிவிடுகிறது. தேர்வுக்கு எடை கொடுத்தது கிழக்கு வடிவம், எடையைக் குறைத்தது மேற்கு வடிவம் என்னும் இம்முடிவு, எரிக்சனின் அட்டவணையை இந்த ஓர் இடத்திலாவது தலைகீழாக்குகிறது.

இதிலிருந்து, நினைவகப் பஞ்சமே ஜப்பானியப் பாணியைத் தீர்மானித்தது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது. 1988இல் டிராகன் குவெஸ்ட் 3 மின்கலச் சேமிப்போடு வந்தது. அது மதுக்கூடத்தில் துணைவீரர்களைப் பெயரும் தொழிலும் இட்டுப் படைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது என்பது தேர்வு வாதத்துக்குச் சாதகமே. ஆனால் 1991இல், சேமிப்புத் தடை நீங்கிய பின்னர், ஃபைனல் ஃபேன்டஸி 4 மிக இறுக்கமான முன்னெழுதிய கதையைத் தெரிவுசெய்தது. ஆகவே தடை நீங்கியதும் பாணி மாறவில்லை. இதற்கான காரணத்தைப் படக்கதை இதழ்களின் தொடர்கதை மரபில் தேடுவது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஹோரி வாராந்தரச் சிறுவர் இதழான ஷோனென் ஜம்ப்பில் எழுதியவர். அதே இதழின் ஓவியர் அகிரா தொரியாமாவே டிராகன் குவெஸ்டின் உருவங்களை வரைந்தார். தொடர்கதை வாசகர் நாயகனைப் படைப்பதில்லை, அவனோடு வளர்கிறார். சான்று மெலிந்த இடம் இது என்பதை மறைக்காமலே, வேறெந்த விளக்கமும் இதைவிட வலுவாக நிற்கவில்லை என்று கூறலாம்.

அடுத்த வினா, விதிக்கப்பட்ட மாந்தரை ஏற்பவர் அம்மாந்தராக வாழ்கிறாரா என்பது. இதற்கு விடை தேடக் கண்டி மாவட்டத்தைவிடப் பொருத்தமான களம் அரிது. கலஹா, தெல்தோட்டை, புஸ்ஸல்லாவை, நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் கூத்துகளான காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றுமே ஊரறிந்த முடிவை உடையவை. மாசி மாத வளர்பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தில், சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதன் எரிக்கப்படுவான் என்பது லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் சிறு பிள்ளைக்கும் தெரியும். மன்மதனாகவும் ரதியாகவும் வேடம் கட்டுபவர்கள் காப்புக் கட்டி விரதம் காக்கின்றனர். இருவரும் ஆண்களாக இருப்பதே பழைய வழக்கம். தப்பொலி முன்செல்ல லயம் லயமாக ஆடிவரும்போது, வீட்டார் அவர்களைத் தெரிந்த தொழிலாளியாகக் கருதாமல் தெய்வமாகவே எதிர்கொள்கின்றனர். ரதி வேண்டாமெனத் தடுத்தும் மன்மதன் போகிறான். போகாமலிருக்கும் உரிமை வேடக்காரருக்கு இல்லை. எரிந்த பின் ரதியின் புலம்பல் எழும்போது அழாதவர் குறைவு.

எரிக்சனின் அளவுகோலை இக்கூத்தின்மேல் வைத்துப் பார்த்தால், தேர்வு இல்லை, படைப்பு இல்லை; வாழ்தலோ நிறைந்து நிற்கிறது. விரதமும் நேர்த்தியும் வேடக்காரரின் உடலையே பாத்திரத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றன. தேர்வு இல்லாமல் பாத்திரமேற்பு இல்லை என்ற கோட்பாடு உண்மையாயின், இது பாத்திரமேற்பே ஆகாது என்று சொல்ல நேரிடும். அவ்வாறு சொல்லத் துணியும் கோட்பாட்டைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். மேலும், கூத்தில் தேர்வு அறவே இல்லை என்பதும் சரியன்று. அது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போயிருக்கிறது. வழிநெடுகச் சேர்ந்துகொள்ளும் வேடிக்கை வேடங்கள் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகின்றன. இதே கதையை வைத்துப் பாடப்படும், தஞ்சைப் பகுதியில் மராத்தியர் காலம் தொட்டு வளர்ந்த லாவணி என்னும் வாதப்பாட்டில், எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பக்கம் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுகின்றனர். கதையின் முடிவை மாற்றாமலே அதன் பொருளை வழக்காடும் உரிமை இங்கே கேட்போருக்குத் தரப்பட்டுள்ளது.

காமன் கூத்து கண்டித் தோட்டங்களில் வேரூன்றிய காலத்தை வரையறுப்பது எளிதன்று. கம்பளைப் பகுதியில் 1820களில் தொடங்கிய காப்பிச் செய்கைக்கு வந்த தொழிலாளரில் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் தமிழகம் திரும்பியவர்கள். மாசித் திருவிழாவை அவர்கள் தத்தம் ஊரிலேயே கண்டிருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்த தேயிலை, 1867இல் ஜேம்ஸ் டெய்லரின் லூல்கந்துரத் தோட்டத்தில் தொடங்கிப் பரவிய பின்பே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளை உத்தேசமாகக் கொள்ளலாம்; இது ஊகமே.

அதே கண்டிப் பகுதியில் சிங்களக் கிராமத்துக் களத்துமேட்டில் ஆடப்படும் சொக்கரி இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. இந்தியாவிலிருந்து வரும் குருஹாமி, அவன் மனைவி சொக்கரி, வேலைக்காரன் பறையா ஆகியோரின் கதையில், சொக்கரி யாரோடு போகிறாள் என்பது முதலான பகுதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. நடிகர் தம் விருப்பப்படி அபிநயத்தையும் பேச்சையும் கூட்டிக் குறைக்கின்றனர். ஒரே மலைநாட்டில், சில கல் தொலைவுக்குள், இறுகிய வேடமும் நெகிழ்ந்த வேடமும் அருகருகே வாழ்ந்திருக்க, இவற்றுள் ஒன்றைக் கிழக்கின் இயல்பாகக் காட்டுவது எங்ஙனம்? பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் 1964இல் மேடையேற்றிய இராவணேசனும் இவ்விடத்தில் நினைக்கத் தக்கது: முடிவு மாறவில்லை, இராவணன் வீழ்கிறான், வீழ்பவனைத் துன்பியல் நாயகனாக ஏற்று ஆடும் பாங்கு மாறியது.

விளையாட்டுகளின் பிற்கால வரலாறும் பிரிவினைக்கு ஒத்துழைக்கவில்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2007இல் வெளியிட்ட தி விட்சரில் கெரால்ட் என்னும் விதிக்கப்பட்ட மாந்தரே நாயகர். ஆயினும் முடிவுகள் ஆடுபவருடையவை. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011இல் வெளியிட்ட டார்க் சோல்ஸில் மாந்தரை ஆடுபவரே படைக்கிறார். கதையோ துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அகிதோஷி கவாசு 1992இல் வடிவமைத்த ரொமான்சிங் சாகாவில் எட்டு நாயகர்களுள் ஒருவரைத் தெரிந்து, விரும்பிய வரிசையில் பயணம் செய்யலாம். இந்தியாவின் பைரோடாக்டில் 2014இல் வெளியிட்ட அன்ரெஸ்ட், பஞ்சம் பீடித்த ஒரு பண்டைய இந்திய நாட்டில், ஆடுபவரை வெவ்வேறு நிலையிலுள்ள பல மாந்தர்களின் இடத்தில் மாறி மாறி நிறுத்தி, உரையாடலில் தேர்வை வழங்குகிறது. ஜப்பானைக் குறிக்கும் அந்த எழுத்து ஒதுக்கும் தொனியில் பயன்பட்டதாகவே ஜப்பானியப் படைப்பாளர் பலர் உணர்ந்தனர் என்று ஃபைனல் ஃபேன்டஸி 16இன் தயாரிப்பாளர் நாவோகி யோஷிதா 2023இல் கூறினார். மேற்கண்ட சான்றுகளுக்குப் பின் அவர் வருத்தம் நியாயமானதாகவே படுகிறது.

கூத்தோடு செய்த ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கூத்தில் வேடக்காரரின் எதிரே ஊர் நிற்கிறது; வீடியோ விளையாட்டில் வேடம் ஏற்பவரும் பார்ப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. மன்மதனாக நின்றவர் எரிப்புக்கு முந்திய கட்டத்துக்குத் திரும்பிச் சென்று வேறு விடை சொல்லிப் பார்க்க இயலாது. டிராகன் குவெஸ்ட் ஆடியவரிடமோ பழைய தாள் இருந்தது. விரதத்துக்கு இணையாக விளையாட்டில் எதைக் கொள்வது என்பது இன்னும் தீராத வினா. அனுபவப் புள்ளிகளுக்காக ஒரே பகையுடன் நூறு முறை பொருதும் சலிப்பான உழைப்பை அதற்கு ஈடாகச் சொல்லலாமா என்பதை, விசார்ட்ரியின் நிலவறைகளையும் ஜப்பானில் அதற்கு அமைந்த நெடிய பின்வாழ்வையும் தனியே ஆராய்ந்த பின்னரே தீர்மானிக்க முடியும்.